பதினேழாவது ஹாரன்

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த உன்னதம் ‘பொறுப்புத் துறப்பு’. அதை ஒரு பேருந்து வீடியோ கேமுக்குள் நிறுவிய பெருமை நம் நிரலாளரையே சேரும்.

அலுவலகச் சிரிப்புக்காக அவர் ஒரு காட்சி செய்திருந்தார். ஹாரனைப் பதினேழு முறை அடித்தால், ஓட்டுநர் பேருந்தை ஓரங்கட்டிவிட்டு, ஒட்டுத் துணியில்லாமல் குழாயடியில் மூன்று நிமிடம் குளிப்பார். ஓட்டுநருக்கு மேலாளரின் முகம்; கன்னத்து மச்சம் உட்பட.

விற்பனைக்கு முன் அதை அழித்திருக்கலாம். அழிக்க மூன்று கையெழுத்து வேண்டும். ஒளித்துவைக்க ஒன்றும் வேண்டாம். குளியல் காட்சி ஒன்று உள்ளே இருப்பதாக மேலாளரிடம் சொல்லவும் செய்தார்.

“யாருய்யா பதினேழு வாட்டி அடிக்கப் போறா?” என்று, பார்க்காமலே அனுமதித்தார் மேலாளர். ‘அனைத்து வயதினருக்கும் உகந்தது’ என்ற முத்திரையோடு விளையாட்டு கடைக்குப் போனது.

புகார் வந்தது. புகார் கொடுத்தவர் பெயரை நிறுவனம் ‘ரகசியம்’ என்று வைத்தது. மூன்றாவது அவசரக் கூட்டத்தில் சட்ட ஆலோசகர் நிரலாளர் பக்கம் திரும்பினார்.

“நாம எதையும் காட்டல, மறைச்சோம். மறைக்கறது ஒழுக்கம். தோண்டி எடுத்தவங்கதான் குற்றவாளி. பூட்டை உடைச்சாங்கன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வேலையை ‘விரும்பி’ விட்டதா எழுதிக்குவோம்.”

வீட்டுக் கடன் கண்முன் வர, நிரலாளர் பேனாவைத் திறந்தார். அப்போது, சமாதானம் பேச வரவழைத்திருந்த புகார்தாரர் உள்ளே வந்தார்: ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நிரலாளரின் சொந்த அக்கா.

“தம்பி செஞ்சதாச்சேன்னு ஆசையா வாங்கினேன்” என்றபடி உட்கார்ந்தாள்.

“பதினேழு தடவை ஏன் அடிச்சீங்க?” குறுக்கு விசாரணையைத் தொடங்கினார் சட்ட ஆலோசகர்.

“நடு ரோட்டுல மாடு நிக்குது. ஹாரன் அடிக்காம, இறங்கிப் போய் நலம் விசாரிக்கவா?”

“காட்சி வந்ததும் நிறுத்தினீங்களா?”

“எப்படி நிறுத்த? மாடு அப்பவும் நகரல.”

அவள் பார்வை மேலாளரின் மச்சத்தில் போய் நின்றது. “சார், உங்களை எங்கயோ முழுசாப் பார்த்த மாதிரி இருக்கே?”

மேலாளர் கோட்டுப் பொத்தான்களை அவசரமாகப் போட்டுக்கொண்டார்.

நிரலாளர் பேனாவை மூடினார். “நான் செஞ்சேன், சார்கிட்டயும் சொன்னேன். மூணு கூட்டம் போட்டாச்சுக்கா. நீயாவது சொல்லு, யாரு பொறுப்பு?”

“செஞ்சவன் நீ, தெரிஞ்சே வித்தவங்க இவங்க. இதுக்கு எதுக்குடா கூட்டம்? அந்த டிரைவரைத் தவிர இங்க எல்லாருமே அழுக்கு. அவராவது குளிச்சார்.”