ஏழு கிலோ முறுக்கும் பல் இல்லாத வாடிக்கையாளரும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை இளவரசன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் நேரில் பார்ப்பதால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் "சிக்னல் சரியில்ல மாப்ள" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் முறுக்குப் பக்கத்தைப் பற்றியது. இளவேனில் இருந்தவரை, அத்தை சுட்ட முறுக்கை போன் பக்கத்தில் வைத்து ஒடித்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். அந்தச் சத்தத்துக்கே ஆர்டர் வரும். அவள் கண்ணை மூடி எட்டு மாதம். "பக்கத்த மூடிராதீங்க மாப்ள, அவ ஆரம்பிச்சது" என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த வேலை அரியமங்கலம் பட்டறையில் வால்வு சோதிப்பது. அங்கே செய்கிற மாதிரியே முறுக்கை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து, 'வெளிவிட்டம் 62 மி.மீ., விரிசல் இல்லை, ஏற்கத்தக்கது' என்று எழுதிப் போட்டேன். மூன்று பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் நான். அவளோட தோழி ரிஃபானா, தில்லைநகரில் துணிக்கடை வைத்துப் பக்கம் நடத்துகிறதே, அது போன் போட்டு, "அண்ணே, சுடுற கையக் காட்டுங்க, யாரு சுட்டாங்கன்னு கதை சொல்லுங்க. மொதல்ல அந்த ஸ்கேல எடுங்க, போஸ்ட்மார்ட்டம் போட்டோ மாதிரி இருக்கு" என்றது. சொன்ன வேகத்தில் "ஸாரிண்ணே" என்றது. பரவால்லம்மான்னேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை மாமா, இப்பல்லாம் எதுவும் தோன்றுவதில்லை. ஸ்கேலை மட்டும் எடுத்துவிட்டேன்.

அடுத்து அத்தையின் கையைப் படம் எடுத்தேன். இளவேனில் பேரைச் சொன்னதும் அத்தை சட்டென்று கையை எடுக்க, படம் கலங்கிவிட்டது. அதையே போட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே ஒரு கிலோ ஆர்டர்! அடுத்த வெள்ளியும். ஏழு வாரம், ஏழு பேர். ஒருத்தர் கணக்கிலும் முகப்படம் கிடையாது. ஏழு பேரும் உலகத்தில் நம் பக்கத்தை மட்டும்தான் பின்தொடர்கிறார்கள். ஏழு பேருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஒரே அடுக்குமாடி. ஏழு வால்வில் ஒரே இடத்தில் குறை இருந்தால் நாங்கள் வார்த்த அச்சைத்தான் சந்தேகப்படுவோம். சனிக்கிழமை நான் பொன்மலையில் உங்கள் வீட்டுக்கு வந்து, அத்தை சோறு போடாமல் பாக்கெட்டைத் தர மாட்டேன் என்பதால் சாப்பிட்டுவிட்டு, காவிரிப் பாலம் தாண்டிப் போனால், ஒவ்வொரு தடவையும் கீழ்வீட்டுப் பெரியவர் பீமராவ்தான் வாசலில் நிற்பார். "அவங்க ஊர்ல இல்லப்பா, நான் வாங்கி வெச்சுக்கறேன்" என்பார். எவனோ போட்டிக் கடைக்காரன் நம்ம முறுக்கைக் காப்பியடிக்க ஆள் வைத்து வாங்குகிறான் என்றே முடிவு கட்டினேன்.

போன சனிக்கிழமை தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே நுழைந்தேன். ஷோகேஸில் ஆறு பாக்கெட், நான் ஒட்டின ஸ்டிக்கர் கிழியாமல். ஏழாவது என் கையில்.

"சார், நீங்க முறுக்கு சாப்பிடுவீங்களா?"

வாயைத் திறந்து காட்டினார். ஒரு பல் கூட இல்லை.

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

"என்னய ஏன்ப்பா கேக்கற, உன் மாமனாரு காத்தமுத்துவப் போயி கேளு! முப்பது வருஷம் அவனோட ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்ததுக்கு என் வீட்ட குடோனாக்கிட்டான். ஆர்டர் வந்தாத்தான் மாப்ளப் புள்ள வீட்டவிட்டு வெளிய வருது, ரெண்டு வாய் சாப்பிடுதுங்கறான். போன வெச்சுக்கிட்டு இல்லாத ஏழு பேர உண்டாக்கிட்டு உக்காந்திருக்கான்!"

மாமா, இது சரியில்லை. நீங்களே சுட்டு நீங்களே வாங்குவதற்கு ஒரு பக்கம் எதற்கு, நடுவில் நான் எதற்கு? ஆகவே இந்த மாதக் கடைசியோடு பக்கத்தை மூடுகிறேன். உங்கள் ஏழு பேரையும் தயவுசெய்து கலைத்துவிடவும். பீமராவ் சார் வீட்டு முறுக்கை நமுத்துப்போவதற்குள் எடுத்துக்கொள்ளவும். சனிக்கிழமை நான் வர வேலை இல்லை. அத்தை காத்திருக்க வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

எதையும் இரண்டு தடவை சோதித்துப் பார்க்கும்,
இளவரசன்

பி.கு.: இப்போதுதான் ஒரு கிலோ ஆர்டர் வந்தது. பெயர் டோனி. முகப்படம் இல்லை, நம் பக்கத்தை மட்டும்தான் பின்தொடர்கிறார், முகவரி அரியமங்கலம். நீங்கள் துருவ வேண்டாம், அது நான்தான். சனிக்கிழமை வருகிறேன். அத்தையை ரசம் வைக்கச் சொல்லுங்க.