கனிஷாய்க்கு நான் கட்டிய சாய்தளம்

உடம்பில் உயிர் உள்ளவரை என் மனைவி கனிஷாயை நானேதான் தூக்கிச் சுமப்பது என்று முடிவெடுத்திருந்தேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் லாபம் இருந்தது.

கராகோல் என்கிற எங்கள் மலையூரில், எங்கள் தெரு வீடுகளெல்லாம் பனிக்குப் பயந்து உயரத்தில் நிற்பவை. வாசலில் செங்குத்தான படிகள். மலைப்பாதையில் கார் கவிழ்ந்ததிலிருந்து கனிஷாய்க்குச் சக்கர நாற்காலிதான். வீட்டை விட்டு இறங்க வேண்டுமென்றால் நான் தூக்க வேண்டும். தூக்கினேன். தெரு பார்த்தது. "எசென்பெக் மாதிரி ஒரு புருஷன் உண்டா!" என்று பேசியது.

அதற்கு முன்னால் விருந்துகளில் எனக்குக் கதவோரம்தான் இடம். தட்டில் விழுவது விலா எலும்பு. எங்கள் ஊரில் ஆட்டின் எந்த எலும்பு யாருக்குப் போகிறது என்பதில்தான் ஒருவனுடைய மதிப்பே இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு மனைவியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். கதவுக்கு நேரெதிரே, பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். தட்டில் இடுப்பெலும்பு வந்து விழுந்தது. என் வாழ்க்கையின் முதல் இடுப்பெலும்பு. அதன் பிறகு நான் விலா எலும்பைப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கனிஷாய் குண்டைப் போட்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்றாங்க."

"யாரு?"

"ஜீபார் அக்கா. நான் முன்னாடி வேலை பார்த்த தையல் பட்டறையிலதான். துணி வெட்டுற மேசையை எனக்காகத் தணிச்சிருக்காங்க. வாசல்ல சரிவு போட்டிருக்காங்க. கழிப்பறைக் கதவைக்கூட அகலமாக்கிட்டாங்களாம். நான் நம்ம வாசலைத் தாண்டினா போதுமாம்."

"அதுக்கென்ன, நான் தூக்கிட்டுப் போறேன்."

"காலையில தூக்குவீங்க. மத்தியானம் எனக்குத் தலைவலின்னா?"

"போன் பண்ணு. பறந்து வர்றேன்."

"போன வெள்ளிக்கிழமை பண்ணேனே. முற்றத்துல நான், மேல மழை. நீங்க குழியில கூழாங்கல் போடுற ஆட்டம் ஆடிட்டு இருந்தீங்க."

"மழைன்னு சொல்லியிருக்கலாமே!"

"மழைன்னுதான் சொன்னேன். 'இன்னும் ஒரே ஒரு குழிதான்'னு சொன்னீங்க. வானம் வெளுத்தப்புறம் வந்தீங்க."

எனக்கு இருமல் வந்தது.

"எனக்குப் பட்டு வேண்டாம், பவுன் வேண்டாம். வாசல்ல ஒரு சரிவு. நானா போகணும், நானா வரணும். அவ்வளவுதான்."

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு? தானாகப் போய்த் தானாக வரும் மனைவியின் புருஷனுக்கு யார் இடுப்பெலும்பு தருவார்கள்? முடியாது என்று சொன்னால் தெரு காறித் துப்பும். யோசித்தேன். ஒரு திட்டம் பிறந்தது. சாய்தளம் கட்டுவது. ஆனால் எந்த நாற்காலியும் ஏற முடியாத சாய்தளம். கட்டிக் கொடுத்த பெயரும் எனக்கு, தூக்குகிற பெயரும் எனக்கு. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கடை வாசல்களில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆடு ஏறும், ஆள் ஏற முடியாது.

இரண்டு பலகைகளைப் படிகளின் மேல் சாய்த்து ஆணி அடித்தேன். எதிர்வீட்டு பூபுசாரா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணே, கூரைக்கு ஏறவா?"

"சாய்தளம்."

"யாருக்கு, பூனைக்கா?"

"தச்சு வேலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. விழுந்தா வலிக்கும்னு தெரியும்."

கனிஷாய் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ரொம்ப அழகா கட்டியிருக்கீங்க."

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் அடித்த ஓர் ஆணியைக்கூட அவள் பாராட்டியதில்லை.

"இதைத் தெரு பார்க்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை எல்லாரையும் டீக்குக் கூப்பிடுறேன். மம்பெத்தாலி ஐயா வந்து ஆசி சொல்லட்டும்."

"கூப்பிடு, கூப்பிடு!" என்றேன். மூக்கில் கறி வாசம் அடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்தது. சமோவார் கொதித்தது. பொரித்த ரொட்டித் துண்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. தெருவிலேயே மூத்தவர் மம்பெத்தாலி. உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார். வழக்கப்படி எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். அப்போது வாசலிலிருந்து கனிஷாய் குரல் கொடுத்தாள். தலையில் புதுத் துணி.

"என் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை. தன் கையாலயே கட்டினார். ஆனா என்னை முதல்ல இறங்க விட மாட்டேங்கிறார். 'உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? முதல்ல நான் உட்கார்ந்து இறங்கிப் பார்க்கிறேன்'னு பிடிவாதமா நிக்கிறார்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"மனுஷன்னா இவன்டா!" என்றார் மம்பெத்தாலி.

பூபுசாரா அதற்குள் கனிஷாயை வாசலோரம் திண்டு போட்ட பெஞ்சுக்கு மாற்றிவிட்டாள். வாசலில் காலி நாற்காலி என்னைப் பார்த்தது. மாட்டேன் என்றால், சரிவு ஆபத்து என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ஆபத்தான சரிவை மனைவிக்கு எதற்குக் கட்டினாய் என்பார்கள். ஏறிப் போய் உட்கார்ந்தேன்.

"கனிஷாய்," என்றேன் மெதுவாக, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"பெல்ட்டைப் போட்டுக்கோங்க."

"பிரேக்காவது பிடிக்குமா?"

"நல்ல சரிவுல பிடிக்கும். இதுல பிடிக்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

பூபுசாரா லேசாகத்தான் தள்ளினாள் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

நான் இறங்கினேன் என்பது பொய். விழுந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. விழுகிறவன் ஓரிடத்தில் விழுவான். நான் முற்றத்தைக் கடந்தேன். சமோவாரைக் கடந்தேன். கோழிகள் வழிவிட்டன. திறந்திருந்த வேலிக்கதவைத் தாண்டி, தெருவையும் தாண்டி, பூபுசாரா குளிர்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த வறட்டிக் குவியலுக்குள் போய் நின்றேன். எல்லாரும் ஓடிவந்தார்கள். முதலில் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார்கள். அதற்கு ஒரு கீறல் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். கணுக்கால் போயிருந்தது.

"பாவம், ஆசையா கட்டினார்," என்றாள் கனிஷாய். "இடம்தான் பத்தலை. அவர் காரை நிறுத்துற இடத்தையும் சேர்த்துக்கிட்டா நல்லா நீளமா, மெதுவா இறங்கும். என்ன ஐயா?"

"கூடி வேலை செஞ்சா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் மம்பெத்தாலி, சட்டைக் கையை மடித்துவிட்டு.

கூட்டு வேலைக்குத் தெருவை அழைத்தவர்கள் ஆடு வெட்டிச் சோறு போட வேண்டும், அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அழைத்தது கனிஷாய். ஆடு என்னுடையது.

பூபுசாராவின் கொட்டகையிலிருந்து பலகைகள் வந்தன. அளவாக அறுத்து, விளிம்பு தேய்த்து, கைப்பிடிக் கம்பியோடு தயாராக இருந்தன. ஜீபாரின் பட்டறைச் சாய்தளத்தைப் போட்ட தச்சரே கையில் மட்டப்பலகையோடு நின்றார். டீ குடிக்கத்தான் வந்ததாகச் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு திரும்பியபோது வேலை முடிந்து, ஆடும் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை. முற்றத்தின் ஓரத்திலிருக்கும் கழிப்பறைக்குப் போகவேண்டும். ஊன்றுகோலோடு படியில் இறங்க முடியவில்லை. புதுச் சாய்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். நல்ல சாய்தளம்தான். அதை நான் மறுக்கவில்லை. பாதி வழியில் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. திரும்பினால், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு கனிஷாய்.

"இருங்க, தாங்கிப் பிடிக்கிறேன்" என்பாள் என்று நினைத்தேன். ஒரு கணம் நின்றேன்.

"கொஞ்சம் ஒதுங்குங்க, வேலைக்கு நேரமாச்சு."