ஓ.டி.க்குப் போட்ட மஞ்சள் கோடு

கம்பெனி லைனில் அத்தனை பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர் உனக்கு வீட்டில் ஒரு நாயை அடக்கத் தெரியாதா என்று என்னைக் கேட்பவர்கள், நாய் வளர்த்திருக்க மாட்டார்கள். நாய் வளர்ப்பதற்கு முன் நானும் அப்படி நினைத்தவள்தான்.

எங்கள் நாயின் பெயர் ஓ.டி. ஒரகடத்தில் ஓவர்டைம் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் பின்னாலேயே வந்துவிட்ட குட்டி. (என் கணவர் வேலு போன் செய்து "ஓ.டி. இருக்கா?" என்று கேட்டால், வேலையைக் கேட்கிறாரா நாயைக் கேட்கிறாரா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.) வளர வளர அதற்கு ஒரே பொழுதுபோக்கு: சமையல் மேடையில் முன்னங்கால்களைப் போட்டு, அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு ஓடுவது. எங்கள் சப்பாத்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்குப் போய், ஹவுஸ் ஓனர் சரோஜா அக்கா மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிர மீன் துண்டுகளை முடித்துவிட்டு வந்தது.

"இன்னாமா, நாய் வளக்கிறியா, திருடன வளக்கிறியா? இன்னொரு தபா எதுலயாவது வாய வெச்சுது, நாய எங்கியாவது உட்டுடு. இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணிக்கோ."

கம்பெனிகள் சூழ்ந்த எங்கள் வல்லம் வடகாலில் வாடகைக்கு வீடு கிடைப்பது, கம்பெனியில் பெர்மனென்ட் ஆவதைவிடக் கஷ்டம். நாயோடு என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காக ஓ.டி.யை விட்டுவிடுவதா? நினைத்தாலே அழுகை வந்தது.

மறுநாளே என் கம்பெனி புத்தியைக் காட்டினேன். எங்கள் பிளான்ட்டில் மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். எம்.டி.யே வந்தாலும் அதைத் தாண்ட மாட்டார். அதே மாதிரி மஞ்சள் டேப் வாங்கிவந்து சமையல் மேடைக்கு முன்னால் ஒட்டினேன். தாண்டினால் "நோ!" பின்வாங்கினால் பிஸ்கட்.

"நாய்க்கு டிரெய்னிங்கா?" என்றார் வேலு. "சேஃப்டி ஷூ எப்பக் குடுப்ப?"

ஓ.டி. படு சூட்டிகை. பிஸ்கட் வேண்டுமென்றால் பின்வாங்க வேண்டும், பின்வாங்க வேண்டுமென்றால் முதலில் தாண்டியாக வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டது. தாண்டும், என் முகத்தைப் பார்க்கும், பின்வாங்கும், நாக்கைத் தொங்கப்போடும். நான் பிஸ்கட் டப்பாவைத் திறப்பதற்குள் அடுப்பில் தாளிப்பு கருகிவிடும். எங்கள் லைனில் யாருக்கும் இப்படி ஒரு இன்சென்டிவ் கிடைத்ததில்லை.

கடைசியாக அதிர்ச்சி வைத்தியம். மேடை ஓரத்தில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி, அதில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை ஒரு மசால் வடையில் கோத்து வைத்தேன். வடையை இழுத்தால் தட்டுகள் சரியும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓ.டி. மேடைப் பக்கமே வராது. நாங்கள் பக்கத்தில் இருந்தால் அதற்குச் சந்தேகம் வருமென்று, கதவைத் திறந்துபோட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றோம்.

தடதடவென்று ஒரு சத்தம். தெருவே அதிர்ந்தது. 'மாட்டிக்கிட்டான்!' என்று ஓடிவந்தோம்.

சமையலறை முழுக்கத் தட்டுகள். நடுவில் சரோஜா அக்கா. கையில் கடித்த வடை, வடையிலிருந்து தொங்கும் நூல். ஓ.டி. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உத்தமன் போல உட்கார்ந்திருந்தது.

வீடும் போயிற்று, நாயும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

"மோட்டார் போடறேன்னு சொல்ல வந்தேன்மா." அக்காவின் குரல் என்றைக்கும் இல்லாமல் இறங்கியிருந்தது. "கதவு தொறந்து கீது... வாசன தூக்கிச்சு... ஒண்ணே ஒண்ணுதான் எட்த்தேன்."

சொல்லிக்கொண்டே கோட்டுக்கு இந்தப் பக்கம் பின்வாங்கினார். பழக்க தோஷம், என் கை தானாக டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டது.

வேலு கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பிஸ்கட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது பாட்டுக்கு ஒக்காந்துகினு கீது. நாந்தான் வாய வெச்சுட்டேன். இருந்துட்டுப் போவட்டும் போ!"

அதன்பிறகு வீட்டைக் காலி செய்யும் பேச்சே எழவில்லை. ஓ.டி. திருந்தியதா என்றால், நாங்கள்தான் மேடையைத் துடைத்துக் காலியாக வைக்கத் திருந்தினோம்.

சரோஜா அக்கா மட்டும், இன்றுவரை யார் வீட்டு விசேஷத்தில் இலையில் வடை வைத்தாலும் அதை மெதுவாகத் தூக்கி, அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார். பரிமாறுகிறவர்கள் என்னவென்று கேட்டால், பந்தியே கேட்கும்படி சொல்வார்: "ஒண்ணுமில்லப்பா, நூல் கீதான்னு பாக்கறேன்."