தொட்டிக்கு ஒரு பக்கம்

நாகலிங்கம் கிணற்றிலிருந்து வாளியை இழுத்து, செம்பை நிறைத்து, பிரகாஸின் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"குடியும் தம்பி. குடிச்சுப்போட்டுச் சொல்லும், இந்தத் தண்ணிக்குப் பக்கத்திலையோ உம்மடை கக்கூசுத் தொட்டி?"

பிரகாஸ் குடித்தான். தண்ணீர் கொஞ்சம் உவர்தான். ஆனால் மதிலுக்கு மேலால் அயலட்டை முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"நல்ல தண்ணி ஐயா" என்றான். அந்த வாயாலேயே தோற்றும் போனான்.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட எழும்பப்போகும் தொடர்மாடிக்கு அவன்தான் பொறியியலாளன். கீழே கடைகள், அதற்கு மேல் கிளினிக்கும் கலியாண மண்டபமும், அதற்கும் மேல் நாலு பக்கமும் பார்த்தபடி வீடுகள். படத்தில் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. இத்தனை சனமும் தின்று குடித்துக் கழிப்பது எங்கே போகும் என்பதுதான் வடிவில்லாத கேள்வி. அதற்கான கழிவுநீர்த் தொட்டியை வடக்குப் பக்கத்தில், நாகலிங்கத்தின் மதிலோரமாகப் போட்டிருந்தான்.

சுகாதாரப் பரிசோதகர் கேதீஸ்வரி படத்தைப் பார்த்ததும் பேனையை மூடிவிட்டார்.

"எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல்லு, இஞ்சினியர். இஞ்சை ஊத்தினா அங்கை ஊறும். குடிக்கிற கிணத்துக்குக் கிட்டத் தொட்டி வரேலாது. வேறை பக்கம் பாருங்கோ."

கொழும்பிலிருந்து முதலாளி போன் எடுத்தார். "சனிக்கிழமை அடிக்கல். வெள்ளிக்குள்ளை அந்தச் சுகாதாரப் பிள்ளையின்ரை கையெழுத்து வராட்டி, சனிக்கிழமை நீரும் வரத் தேவையில்லை."

இதற்குள் வீடுகளெல்லாம் பதிவாகிவிட்டன. யார் யார் வாங்கினார்கள் என்று மட்டும் காணியிலேயே போட்டிருந்த கந்தோரில் பதிவைப் பார்க்கும் வினோஜா வாய் திறக்கமாட்டாள். உறுதிப் பத்திரம் எழுதி முடியும் வரைக்கும் காணி வாங்கியதையோ வீடு வாங்கியதையோ வெளியில் விட்டால் கண்ணூறு பட்டுவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

மத்தியானம் சாப்பிட வாடகை வீட்டுக்குப் போனான். மனைவி சிவகௌரி கனடாத் தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு வந்து சோறு போட்டாள்.

"இப்ப தொட்டியை எந்தப் பக்கம் போடப்போறியள்?"

"தெற்கை."

"அப்ப நல்லது" என்று இன்னொரு மீன் பொரியல் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவனுடைய வேலையைப் பற்றி விசாரித்ததே இல்லை. பிரகாஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

தெற்குப் பக்கம் குணலட்சுமியின் வளவு. அங்கே ஒரு பாழ்கிணறு தகரத்தால் மூடி, அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. கேதீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனபோது கொடியையும் காணோம், தகரத்தையும் காணோம். குணலட்சுமி முழுகி, திருநீறு பூசி, புதுக் கயிற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள்.

"மாமா காலத்திலையிருந்து குடிக்கிற கிணறு மிஸ்."

வாளியிலிருந்து ஒரு தவளை குதித்துப் போனது.

"அக்கா, தவளை!" என்றான் பிரகாஸ்.

"அதுவும் குடிக்கத்தானே வேணும்?"

கேதீஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "துப்புரவாக்கினா நல்ல கிணறுதான். இந்தப் பக்கமும் ஏலாது" என்றார்.

மேற்கே நமசிவாயம் மாஸ்டர். கணக்குப் படிப்பித்து ஓய்ந்தவர். அவர் வளவில் கிணறே கிடையாது. ஒரு முறை கேட்டு நிச்சயப்படுத்தினால் நல்லது என்று பிரகாஸுக்குத் தோன்றியதுதான் பிழை.

"மாஸ்டர், உங்களிட்டைக் கிணறு இல்லைத்தானே?"

"இல்லைத்தான்" என்றார் மாஸ்டர், ஆறுதலாக யோசித்து. "ஏன் கேக்கிறீர்?"

பிரகாஸ் ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை மாஸ்டர் வளவில் ஒரு கிணறு நின்றது. சீமெந்து வளையங்கள், மேலே கப்பி, சுற்றிவர ஈரம் காயாத வெள்ளை. நாகலிங்கத்தின் வாளியே அடியைத் தட்டுகிற கோடையில் இது வாய்வரைக்கும் நிரம்பி நின்றது. முற்றத்து மணலில் தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறியின் சில்லுத் தடம். பிரகாஸ் கையை விட்டுப் பார்த்தான். தோள் நனைய முன்னமே விரல் சீமெந்தில் முட்டியது.

"மாஸ்டர், இதுக்கு அடி இருக்குது!"

"எல்லாக் கிணத்துக்கும் அடி இருக்கும் தம்பி."

"இது கிணறில்லை, நுளம்பு முட்டையிட்டுப் பெருகிற பண்ணை" என்றார் கேதீஸ்வரி. "இண்டைக்கே இறைச்சு ஊத்துங்கோ ஐயா."

"ஊத்திப்போட்டு, அதிலையே உண்மையான கிணறு வெட்டுறன். என்ரை காணியிலை நான் கிணறு வெட்ட ஏலாதோ?"

கேதீஸ்வரி பிரகாஸைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "வெட்டினாரெண்டால் நான் தொட்டியை மறிக்கத்தான் வேணும். உங்கடை அடிக்கல் அடுத்த வருசம்தான்."

மிஞ்சியது கிழக்கு. அது றோட்டுப் பக்கம். பொம்பிளை மாப்பிளை வந்து இறங்குகிற முகப்பில் தொட்டியா என்று தொடக்கத்திலேயே ஒதுக்கியிருந்தான். ஆனால் எதிரே பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையைத் தவிர ஒன்றுமில்லை. ஆளும் இல்லை, கிணறும் இல்லை. இனிமேல் ஒருவரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடிந்தது முதல் கந்தோரில் குந்தியிருந்து புதுப் படம் கீறினான். சாப்பிட வீட்டுக்கும் போகவில்லை. கௌரி போன் அடித்து அடித்துப் பார்த்தாள். "பிறகு கதைக்கிறன்" என்று வெட்டிவிட்டான்.

பின்னேரம் கேதீஸ்வரி கிழக்குப் பக்கத்தை நடந்து பார்த்தார்.

"கிணத்துக்குப் பயமில்லை. மேலை யன்னலுகளுக்கு மணம் கொஞ்சம் அடிக்கும். அதாலை நோய் வராது."

கையெழுத்து விழுந்தது. பிரகாஸுக்கு அழுகை வரப்பார்த்தது. வேலை தப்பிவிட்டது!

செய்தி மதில் தாண்டிப் பறந்தது. நாகலிங்கம் வடையோடு வந்தார். குணலட்சுமி பாயசத்தோடு வந்தாள். மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சீமெந்து வளையங்களைக் கழற்றத் தொடங்கினார். தெற்கு வளவில் தகரம் கிணற்றின்மேல் ஏறிவிட்டது.

பிரகாஸ் வடையைக் கடித்தபடி கந்தோர் யன்னலால் இதையெல்லாம் பார்த்தான்.

"வினோஜா, உவை என்ன, கிணத்தைத் திரும்ப மூடுகினம்?"

வினோஜா வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"கிணத்திலை ஆருக்கு அண்ணை கவலை? உவை மூண்டு பேரும் எங்கடை தொடர்மாடியிலை வீடு பதிஞ்சவை. மேலையிருந்து தங்கடை வளவைப் பாத்துக்கொண்டிருக்கலாமெண்டு அவரவர் பக்கத்திலையே எடுத்தவை. தங்கடை யன்னலுக்குக் கீழை தொட்டி வந்திடும் எண்டுதான் இந்தக் கூத்தெல்லாம்."

பிரகாஸ் சிரித்த சிரிப்பில் வடை புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப கிழக்குப் பக்கத்திலை பதிஞ்ச அந்த விசர் பிடிச்ச ஆள் ஆர்?"

வினோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கடை கௌரியக்கா. உறுதி முடியுமட்டும் உங்களுக்கும் சொல்ல வேண்டாமெண்டவ."