ஒரே உறையில் இரண்டு விண்ணப்பங்கள்

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'நீங்கள் ஏன் ஆசிரியரானீர்கள்?' கீழே பன்னிரண்டு கோடுகள். ஒஸ்மோ ஹியேதலா மூன்று நாள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை இடைவேளைக்குள் மில்யா வந்து நின்றாள். நகராட்சியின் மக்கள் தொடர்பு அதிகாரி. வயது இருபத்தொன்பது. ஆசிரியர் வேலைக்கு ஆள் கிடைக்காத குறையை ஒரு கண்காட்சி வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நகராட்சிக் கூட்டத்தில் எல்லோரையும் நம்பவைத்தவள். கண்காட்சியின் பெயர் 'உள்ளே எரியும் சுடர்.' பள்ளியின் வசந்த விழாவன்று திறப்பு.

"ஒஸ்மோ, உங்க தாள் காலியா இருக்கு."

"தெரியும்."

"விளையாட்டு மாஸ்டரே ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்."

"அவருக்கு மூச்சு ஜாஸ்தி."

"நாப்பத்தோரு வருஷ சர்வீஸ். இந்த விழாவோட ரிட்டயர் ஆறீங்க. நீங்கதான் நடு பேனர். காலியா விட்டா ஏதோ போராட்டம் பண்றீங்கன்னு நினைப்பாங்க."

ஒஸ்மோ பேனாவை எடுத்து, முதல் கோட்டில் 'கோடை விடுமுறை, பத்து வாரம்' என்று எழுதிக் கொடுத்தார். மில்யா வாசித்தாள். சிரிக்கவில்லை.

"இதை ரெண்டு மீட்டர் உயரத்துல மாட்டினா தலைவர் என்னை நிரந்தரமா விடுமுறைக்கு அனுப்பிடுவார். உண்மையான காரணத்தை எழுதுங்க."

அவள் கேட்டதில் தவறில்லை. உண்மையான காரணத்தை எழுத முடியாது, அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஆசிரியராக ஆசைப்பட்டவன் அவருடைய அண்ணன் தைஸ்தோ. பத்து வயதிலேயே மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் வாய்ப்பாடு எழுதி, முப்பது பசுக்களுக்கும் பாடம் நடத்தியவன். கல்லூரிக்கு அவன் விண்ணப்பம் போட்டபோது உறையில் இன்னொன்றுக்கு இடம் இருந்தது. தபால்தலை வீணாகக் கூடாதென்று ஒஸ்மோவும் ஒன்றை நிரப்பி உள்ளே திணித்தார். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போய்த் தேர்வு எழுதினார்கள். இருபத்துநான்கு பேரை எடுத்தார்கள். இருபத்துநான்காவது பெயர் ஒஸ்மோவுடையது. தைஸ்தோவின் பெயர் பட்டியலில் எங்குமே இல்லை. அவன் பட்டியலை இரண்டு முறை படித்தான், "நல்லது" என்றான், பால் கறக்கப் போய்விட்டான்.

பிறகு அவன் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வரவேயில்லை.

வேறு நாட்டில் என்றால் அண்ணனும் தம்பியும் ஒருநாள் கத்திச் சண்டை போட்டுக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். பின்லாந்தில் சவுனா இருக்கிறது. சனிக்கிழமை தோறும் இருவரும் சூடேறிய மர அறையில், நீராவிக்கு நடுவே, அம்மணமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்தைந்து வருடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தார்கள். வாரம் ஒருமுறை தைஸ்தோ ஒன்றே ஒன்று கேட்பான்.

"பசங்க எப்படி?"

"இருக்காங்க."

அதைக் குத்தலாகவே ஒஸ்மோ எடுத்துக்கொண்டார். என் இடத்தில் உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கிறாய் என்று கேட்கிறான். நியாயம்தானே. அதனால் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொன்னதில்லை.

போன பிப்ரவரியில் தைஸ்தோ இறந்துபோனான். அடுத்த சனிக்கிழமை அண்ணி சிர்க்கா தொலைபேசியில் அழைத்து, "சவுனா சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஒஸ்மோ போனார். மேல்பலகையில் அண்ணன் உட்காரும் மூலையை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். வெளியே வந்தபோது ஒரு துண்டும், வாட்டிய இரண்டு தொத்திறைச்சியும் தயாராக இருந்தன. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். இந்த உலகத்தில் அவர் வரவை எதிர்பார்க்கும் வீடு அது ஒன்றுதான். புருஷனின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டவன் இவன்தான் என்று சிர்க்காவுக்குத் தெரிந்தால் அந்த அடுப்பு அணைந்துவிடும்.

ஆகவே ஒஸ்மோ பொய் எழுதினார். எழுதுவதை வஞ்சனையில்லாமல் எழுதினார்: 'என்னுள் சுடரை ஏற்றியவர் என் பள்ளி ஆசிரியை ஐலி கோர்பேலா. அவருடைய கண்களில் என் எதிர்காலத்தைக் கண்டேன்.' ஐலி டீச்சர் இருந்திருந்தால் தொண்ணூற்றுநாலு வயது. இறந்தவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

மில்யாவின் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மூன்றாம் நாள் ஓடி வந்தாள்.

"ஒஸ்மோ, உட்காருங்க. அவங்க உயிரோட இருக்காங்க."

"யாரு?"

"உங்க ஐலி டீச்சர். நம்ம ஊர் முதியோர் இல்லத்துலயே. விழாவுக்குக் கூட்டிட்டு வர்றேன். மேடையில மைக் கொடுத்து உங்களைப் பத்திப் பேசச் சொல்லப்போறேன். உங்க அண்ணிதான் பூங்கொத்து கொடுக்கப் போறாங்க, கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

ஒஸ்மோ உட்கார்ந்தார்.

அன்று மாலையே முதியோர் இல்லத்துக்கு ஓடினார். ஐலி டீச்சர் சன்னலோரம் சக்கர நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனாவால்.

"டீச்சர், நான் ஒஸ்மோ. ஹியேதலா வீட்டு..."

"தெரியுது. சின்னவன். அந்தப் பொண்ணு நீ எழுதினதைப் படிச்சுக் காட்டுனா. என் கண்ணுல எதைடா பாத்த நீ? கடைசி பெஞ்சுல தூங்கிட்டு இருந்தவன்தானே?"

"தூங்கினேன், டீச்சர்."

"சுடர் ஏத்தினேனாம். நீ ஈர விறகு. உன்கிட்ட நான் தீக்குச்சியே உரசினதில்ல."

"ஒத்துக்கறேன். மைக் கொடுத்தா சும்மா தலையை மட்டும் ஆட்டிடுங்க. போதும்."

"தொண்ணூத்துநாலு வயசுல பொய்க்குத் தலையாட்டச் சொல்றியா?" குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினாள். "உங்க ரெண்டு பேரைப் பத்தியும் எனக்குத் தெரியும். மைக்க வாயண்ட நீட்டினா, தெரிஞ்சதைச் சொல்லுவேன்."

ஒஸ்மோ வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று விழாவுக்கு விடுப்புக் கேட்டார். மில்யா விட்டுக்கொடுக்கவில்லை. "படுத்துக்கோங்க, பரவாயில்ல. விழாவை அப்படியே உங்க வீட்டுக்குக் கொண்டுவந்துடறோம். டீச்சர், அண்ணி, போட்டோகிராபர் எல்லாரும் வர்றோம்" என்றாள். காய்ச்சல் உடனே இறங்கியது.

விழா ஜூன் முதல் சனிக்கிழமை. மண்டபத்தின் நடுவில் இரண்டு மீட்டருக்கு ஒஸ்மோவின் முகம் தொங்கியது. நெஞ்சுப் பகுதியில் மில்யா ஒரு தீக்கொழுந்து வரைய வைத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு விளம்பரம் போலிருந்தது. ஓரத்து மேசையில் காபியும், வெட்டாத கேக்கும். முதல் துண்டை எடுத்த ஆள் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். எல்லோரும் கேக்கிலிருந்து ஒரே தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளிலும் அதே கதைதான். சிர்க்கா மட்டும் பூங்கொத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐலி டீச்சரின் சக்கர நாற்காலி.

நகராட்சித் தலைவர் சுடரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு மில்யா மைக்கை எடுத்துக்கொண்டு டீச்சரை நோக்கி நடந்தாள்.

ஒஸ்மோ எழுந்து குறுக்கே போய் மைக்கை வாங்கிக்கொண்டார். யாரோ சொல்லிச் சிர்க்காவுக்குத் தெரிவதைவிட அவர் வாயாலேயே தெரியட்டும்.

"இந்த பேனர்ல இருக்கறது பொய்," என்றார். "எனக்குள்ள எதுவும் எரியல. தபால்தலை வீணாகக் கூடாதுன்னு விண்ணப்பம் போட்டேன். வாத்தியாராகணும்னு ஆசைப்பட்டது எங்க அண்ணன். கடைசியா ஒரு இடம் இருந்துச்சு. அது எனக்கு வந்துடுச்சு. அவன் மாட்டுக்கொட்டகைக்குப் போனான். நாப்பத்தோரு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துல அவன் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு போவேன். நீராவி ஜாஸ்தியா இருக்கும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வந்துடுவேன்."

நிறுத்தினார். சிர்க்காவின் பக்கம் திரும்பினார்.

"இப்ப அடுத்த வாரம் இல்ல. அண்ணி, உங்ககிட்ட கேட்டுக்கறேன்."

தலைவர் தன் காலணியைப் பார்த்தார். மில்யா பேனரைப் பார்த்தாள். சிர்க்கா மடியிலிருந்த பூக்களில் ஒரு காம்பை மெதுவாக நேராக்கினாள், பிறகு இன்னொன்றை. முகம் நிமிரவில்லை. இன்று சனிக்கிழமை என்பது ஒஸ்மோவுக்கு நினைவு வந்தது. இனி சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்வது என்று யோசித்தார்.

ஐலி டீச்சர் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். அவர் கொடுத்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"பரீட்சைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தைஸ்தோ என் வீட்டுக்கு வந்தான்," என்றாள் டீச்சர். "அப்பாவுக்கு ஒரு பையன் கொட்டகையில வேணுமாம், தம்பி அங்க இருந்தா செத்துப்போயிடுவானாம், யாருக்கும் சந்தேகம் வராம பெயிலாகிறது எப்படின்னு கேட்டான், உட்கார வெச்சு சொல்லிக்கொடுத்தேன் - என் சர்வீஸ்லயே நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு தப்பில்லாம எழுதிட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான்."