பச்சை பெல்ட்டுக்குக் கொழுந்துச் சாறு

ஸ்ர்ர்… ஸ்ர்ர்…

யாரோ எதையோ மோந்து பார்க்கும் சத்தம். நாயாக இருக்க வேண்டும் என்று கண்ணைத் திறக்காமலே மாரியம்மனை வேண்டினேன். நாய் என்றால் மோந்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். கேள்வி கேட்காது.

"என்னாங்க, வாளிக்குள்ள என்னா ஊறுது?"

நாய் இல்லை. விஜயகலா. என் மனைவி. மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்படியென்றால் பொழுது சாய்ந்துவிட்டது. அப்படியென்றால் நான் தூங்கிவிட்டேன். அப்படியென்றால்… ஐயோ, வாளி!

வாளிக்குள் இருந்தது என் மானம். அது எப்படி வாளிக்குள் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஃபேக்டரியில் எனக்கு ராத்திரி வேலை. கொழுந்து நசுக்கும் ரோலருக்குத் தீனி போடுவது. இருளப்பன் என்று பெயர் வைத்த அன்றைக்கே அப்பா என் ஷிப்டையும் முடிவு செய்துவிட்டார். ராத்திரி முழுக்க விழித்திருப்பவன் பகலில் தூங்க வேண்டும். எனக்கு வராது. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். டிஸ்பென்சரி ஐயாவிடம் போனேன். "உடம்பு அசந்தா தூக்கம் வரும், ஏதாவது பழகுங்க" என்றார். நான் கடலை சுற்றி வரும் பேப்பரையெல்லாம் விரித்துப் படித்து அறிவு வளர்த்தவன். அப்படி ஒரு பேப்பரில்தான் கராத்தே பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. மீதி அரைப்பக்கத்தில் என்ன ஆபத்து எழுதியிருந்ததோ, அது வேறு யாருடைய கடலைக்குப் போனதோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனில் ஒரு மண்டபத்தில் மக்கீன் மாஸ்டர் சொல்லிக் கொடுப்பார். சேர்ந்தேன். வெள்ளை பெல்ட் மஞ்சளானது. மஞ்சளுக்கு மேலே பச்சை, நீலம், பிரவுன், கறுப்பு. நான் மஞ்சளிலேயே வருஷக்கணக்காக நின்றேன். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் மீசை முளைத்துப் பிரவுனுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மீசை நரைத்ததுதான் மிச்சம்.

அங்கே ஒரு சட்டம். பெல்ட்டின் நிறப்படிதான் வரிசை. கீழே உள்ளவன் மேலே உள்ளவருக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். எனக்கு மேலே நிற்பது எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் பஞ்சலிங்கம் ஐயாவின் மகள் நிலக்சி. பச்சை பெல்ட். முன்பல் இன்னும் முளைக்கவில்லை.

"அங்கிள், வடிவாக் குனியுங்கோ" என்பாள். யாழ்ப்பாணத்து மரியாதையோடு அவமானப்படுத்துவாள்.

மேலே போகாதது பெல்ட் மட்டுமா? ரோலர் பக்கத்தில் நின்றவன் ரோலர் பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்குப் பிறகு வந்தவன் எனக்குச் சூப்பர்வைசர். பகல் முழுக்க அந்தத் தகரத்தில் நான் பார்ப்பது இந்தப் படத்தைத்தான். பெல்ட்டாவது ஒரு படி ஏறட்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த அடியில்தான் விஜயகலாவிடம் வாயை விட்டேன். பகலில் வீட்டில் கிடப்பவன் நான் என்பதால், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைப்பது என் பொறுப்பு.

"பச்ச பெல்ட் வாங்கினவன் பீலில குந்திக்கிட்டுத் துணி தொவைக்கலாமா?"

"வாங்குங்க பாப்போம். வாங்கினா நான் தொவைக்கிறேன். வாங்கலேன்னா?"

"வாங்குவேன்!"

போன ஞாயிறு பரீட்சை. மாஸ்டர் கத்தினார். எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள். நான் இடப்பக்கம் திரும்பினேன். மூக்குக்கு நேரே நிலக்சி.

"அங்கிள், மற்றப் பக்கம்!"

மற்றப் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். மறுபடியும் நிலக்சி. பாவம், அவளே அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஃபெயில்.

வீட்டு வாசலில் விஜயகலா நின்றாள். "என்னாங்க ஆச்சு?"

"பாஸ்" என்றது என் வாய். நான் சொல்லவில்லை. வாய் சொன்னது.

"எங்க பெல்ட்டு?"

"வரும். கொழும்புல இருந்து வரணும்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பச்சை பெல்ட்டுக்கு எங்கே போவது? மாஸ்டரைத் தவிர யாரிடமும் கிடைக்காது. ரோலரிலிருந்து விழும் கொழுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பளிச்சென்றது. பச்சைப் பசேலென்று சாறு வடிகிறது! மஞ்சள் பெல்ட்டை இதில் முக்கினால்?

விடிந்ததும் ஒரு சிலிசிலி பேக்கில், அதாவது பிளாஸ்டிக் பையில், நசுங்கிய கொழுந்தை அள்ளிக்கொண்டு வந்தேன். விஜயகலா மலைக்குப் போனாள். வாளியில் கொழுந்தைக் கரைத்து பெல்ட்டை முக்கினேன். நசுங்கிய கொழுந்து காற்றுப் பட்டால் செம்பு நிறத்துக்கு மாறும். அது எனக்குத் தெரியாததா? அதுதானே என் பிழைப்பு! பச்சையாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிடலாம், அதுவரை சும்மா கொஞ்சம் சாய்வோம் என்று படுத்தேன்.

வருஷக்கணக்காகப் பகலில் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது.

இப்போது விஜயகலா வாளிக்குள் கைவிட்டு என் மானத்தைத் தூக்கினாள். சொட்டச் சொட்ட வந்தது. நல்ல தேயிலை நிறம்.

"என்னாங்க இது?"

"பெ… பெல்ட்டு. இன்னைக்குத்தான் குடுத்து விட்டாங்க."

"பச்சைனீங்க?"

"டபுள் புரமோஷன்" என்றது வாய்.

"ஆத்தாடி! பிரவுனா?"

"பிரவுன்."

"ஏன் ஊறப் போட்டிருக்கீங்க?"

"புது பெல்ட்ட நனைச்சுத்தான் கட்டணும். ஜப்பான் வழக்கம்."

"ஜப்பான்லயும் கொழுந்து வாசம் அடிக்குமோ?"

"அங்கயும் தேயிலை இருக்குல்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் பயந்திருக்க வேண்டும். நான் நிம்மதியானேன்.

நிம்மதி பீலி வரைக்கும் போய்த் திரும்புவதற்குள், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சிமுத்து வாசலில் நின்றான்.

"அண்ணே, பிரவுன் பெல்ட்டாமே! நியமை! பிரமாதம்ணே! மரவள்ளிப் பாத்திக்குப் பன்னி வருதுண்ணே. ரெண்டு உதை குடுத்தீங்கன்னா…"

"பன்னிக்கெல்லாம் கராத்தே பாவிக்கக் கூடாது, பேச்சிமுத்து. சட்டம்."

"ஹரி, ஹரி, சரிண்ணே. அப்ப ஓடாவது உடைச்சுக் காட்டுங்க. புள்ளைங்க கூரை ஓடு தேடிப் போயிருச்சுங்க."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் விஜயகலா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் கோயில் முன்னுக்கு உங்களுக்குப் பாராட்டு விழா. தோட்டத் தலைவருகிட்ட சொல்லியாச்சு. மாலைக்குச் சொல்லியாச்சு. தப்பு அடிக்கிற மேளக்காரங்களுக்கும் சொல்லியாச்சு."

"எதுக்கு இதெல்லாம்?"

"நம்ம லயத்துல யாரு பிரவுன் பெல்ட்டு வாங்கியிருக்கா? மாலை போடுறதுக்கு மக்கீன் மாஸ்டரையே கூப்பிட்டாச்சு."

என்னை ஃபெயிலாக்கிய அதே மாஸ்டர்!

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரோலர் சுற்றும்போது தப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் தோளைத் தொட்டால் மாலை விழுந்தது போலத் துள்ளினேன். மாஸ்டர் மாலையோடு வருகிறார், பெல்ட்டைப் பார்க்கிறார், லயமே பார்த்திருக்க "இதை யார் கொடுத்தது?" என்கிறார். பகலில் கூரைத் தகரத்தில் இந்தப் படம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. சனிக்கிழமை சரணடைந்தேன்.

"கலா, விழா வேணாம்மா."

"ஏனுங்க?"

"எனக்குப் புகழ் புடிக்காது."

"உங்களுக்கா?"

"மாஸ்டருக்கும் வேல இருக்கும். வீணா அவர அலைய வைக்கணுமா?"

அவள் யோசித்தாள். யோசிப்பது போல அழகாக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சரி, நிப்பாட்டுறேன். பேச்சிமுத்து வாயையும் அடைக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழம துணி?"

"நானே தொவைக்கிறேன்!"

"பிரவுன் பெல்ட்டுக்காரரு பீலில குந்தலாமா?"

"தாராளமா குந்தலாம்!"

"எத்தன நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"யாரு துணியா இருந்தாலும்?"

"யாரு துணியா இருந்தாலும்!"

"ஞாயித்துக்கிழம நான் எங்கயாச்சும் கெளம்பினா, எங்கனு கேக்கப்படாது."

"கேக்கவே மாட்டேன்!"

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். விழா நின்றது. அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை விஜயகலா எனக்கு முன்னாலேயே எங்கோ கிளம்பிவிட்டாள். சத்தியம் செய்தவன், கேட்கவில்லை. பெல்ட்டைக் கட்ட முடியாது; செம்பு நிறத்தைக் கட்டிக்கொண்டு மாஸ்டர் முன்னால் போய் நிற்பதா? வெறும் இடுப்போடு போனேன்.

"இருளப்பன், பெல்ட் எங்க?"

"தோய்ச்சுப் போட்டிருக்கு மாஸ்டர். அப்புறம்… இன்னைக்கு விழா நின்னுபோனதுல உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே?"

"என்ன விழா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத முகம். தலைவர், மாலை, தப்பு, மாஸ்டர்… ஒன்றுகூட இருந்ததில்லை.

"பெல்ட் இல்லாட்டிக் கடைசி வரிசை" என்றார் அவர். "வெள்ளை பெல்ட்டுக்கும் பின்னால. போங்க."

போனேன். கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள். எனக்கு நேர் முன்னால் மொடமொடவென்று புது வெள்ளை உடுப்பு. மாஸ்டரின் மனைவி ஸாஹிரா கைத் தையல். டவுனில் அவர்தான் எங்கள் எல்லாருக்கும் உடுப்புத் தைப்பவர். முதுகில் தொங்கிய சடை மட்டும் எனக்குத் தெரிந்த சடையாக இருந்தது.

"போன ஞாயித்துக்கிழம அளவு குடுக்க வந்தேன்" என்றாள் விஜயகலா, திரும்பாமலே. "ஸாஹிரா அக்காதான் சொன்னாங்க, நீங்க மற்றப் பக்கம் திரும்பினத. அப்பறம்தான் நீங்க வீட்டுக்கு வந்து பாஸுனு சொன்னீங்க."

"வணக்கம்!" என்று மாஸ்டர் கத்தினார்.

எல்லாரும் தங்களுக்கு மேலே இருப்பவர்களுக்குத் திரும்பிக் குனிந்தார்கள். இப்போது எனக்கு மேலே இருந்த அந்த வெள்ளை பெல்ட் என் பக்கம் திரும்பி நின்று காத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் குனிங்க" என்றாள்.

சாயங்காலம் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் என் உடுப்பு. பக்கத்தில் அவள் உடுப்பு. மேட்டிலிருந்து குரல் வந்தது.

"என்னாங்க, அந்தப் பெல்ட்ட மட்டும் தனியா ஊறப் போடுங்க. கொழுந்துக் கறை என் வெள்ளையில ஏறினா போகாது."

நான் சவுக்காரத்தை எடுத்தேன்.