மீட்டருக்குப் பொட்டு வைத்த கதை

கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படி.

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் எங்கள் லேஅவுட்டை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அக்கரை அடுக்குமாடிக்காரர்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் அதில் விட்டார்கள். எங்கள் போர்வெல் தண்ணீர் நாற ஆரம்பித்தது. கேட்டால், "எல்லாம் கிளீன் வாட்டர் மேடம்" என்று சிரிப்பார் அவர்களுடைய இன்ஜினியர். (அந்தச் சிரிப்புக்கே தனியாக ஒரு கேஸ் போடலாம்.) மாதக்கணக்கில் சண்டை போட்டு, ஆயுத பூஜைக்கு மறுநாள் ஏரிக்கரைக்கு நேரில் வர அந்த மனிதரைச் சம்மதிக்க வைத்தோம். நான் கெமிஸ்ட்ரி டீச்சர். அதனால் பரிசோதனை என் தலையில் விழுந்தது.

பூஜைக்கு முந்தின நாளே தண்ணீர் சோதிக்கும் மீட்டரை வாடகைக்கு எடுத்து வந்தேன். நீளமான வயர், அதன் முனையில் கலங்கலை அளக்கும் குட்டிக் கண்ணாடி, அதற்கொரு மூடி. "மொதல்ல நல்ல தண்ணியில வெச்சு செக் பண்ணிக்கோங்க மேடம்" என்றாராம் கடைக்காரர். நான் மனதுக்குள் இன்ஜினியரைத் திட்டிக்கொண்டிருந்தேன்; காதில் எங்கே விழும்?

பூஜைக்கு மறுநாள் லேஅவுட்டே கரையில் கூடியிருந்தது. இன்ஜினியரை முறைத்துக்கொண்டே மூடியைக் கழற்றி, குனிந்துகூடப் பாராமல் ஏரியில் விட்டேன். எண் கிடுகிடுவென்று ஏறியது.

"பாத்தீங்களா? இதுவா கிளீன் வாட்டர்? புள்ளைங்க குடிக்கிற தண்ணிய இப்படி நாசம் பண்றீங்களே, வெக்கமா இல்ல?" நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

"ஹௌதா மேடம், அப்படியா?" என்றவர், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றினார். "இதயும் பாத்துடுங்க."

பார்த்தேன். அதே எண்!

முனையை வெளியே இழுத்தேன். கண்ணாடி மேல் காய்ந்து ஒட்டிய சந்தனம். நடுவில் அம்சமாகக் குங்குமம்.

என் கணவர் செல்வம் பீன்யா தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஆயுத பூஜையன்று அவர் கண்ணில் படும் எந்த மெஷினும் பொட்டில்லாமல் தப்பாது. எங்கள் மிக்ஸி, ஸ்கூட்டர், டிவி ரிமோட் எதுவும் விதிவிலக்கல்ல.

"கண்ணாடியில ஏங்க வெச்சீங்க?" என்றேன், கூட்டத்தில் நின்றவரைப் பார்த்து.

"மூடியக் கழட்டிப் பாத்தேன், அதான் நெத்தி மாதிரி இருந்துச்சு."

இன்ஜினியர் மீட்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். "பூஜை பண்ண மெஷின், பொய் சொல்லாது மேடம்." கூட்டமே சிரித்தது, எங்கள் ஆட்கள் உட்பட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் துடைத்து முடிப்பதற்குள் அவர் காரில் ஏறிப் போய்விட்டார். கழுவிவிட்டு மறுபடி ஏரியில் விட்டோம். அப்போதும் எண் மோசம்தான். ஆனால் அதைப் பார்க்க வேண்டிய ஆள் இல்லை.

இந்த ஆயுத பூஜைக்கும் என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, ஏரிக்குப் பொட்டு வெச்சாச்சா?" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன். இன்னும் அதே நாற்றம். போனை வைத்துவிட்டேன்.